உள்ளங்கையில் ஏரி

"கையை விட்டுடாதக்கா" என்று சொன்னவள், சொன்ன வாய் முழுசாக மூடுவதற்குள் தூங்கிவிட்டாள். நாளைக்கு இவ்வளவு பெரிய வேலையை வைத்துக்கொண்டு இப்படித் தூங்க சங்கவியால்தான் முடியும். என் தங்கச்சி, பதினோராவது படிக்கிறாள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே தூங்குகிற ஜாதி. நாளைக்கு ஸ்கூலில் சைக்கிள் கொடுக்கிற விழா, மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், பந்தல் போட வேண்டும் என்று மத்தியானமே விட்டுவிட்டார்கள். சாப்பிட்டாள், பாயைப் போட்டாள், கையை நீட்டினாள், எழுதுக்கா என்றாள், எழுதினேன். இப்போது அவள் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளங்கை கூரையைப் பார்க்கிறது. அதில் மருதாணிக் கோனால் நான் எழுதிய ஏரி என்கிற இரண்டெழுத்து இன்னும் ஈரமாக, மேடாக, கரும்பச்சையில் மினுக்குகிறது. ஏ கொஞ்சம் குண்டாகிவிட்டது, ரி பரவாயில்லை. காயும்வரை இது எதிலும் படக்கூடாது, முக்கியமாக அவள் மூஞ்சியில் படக்கூடாது, ஏனென்றால் இவளும் என்னை மாதிரியே கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துத்தான் தூங்குவாள். "உன்ன மாதிரி நானும் கன்னத்துல அச்சு அடிச்சிக்கினு போய் நிக்கணுமா, ஒழுங்கா புடிச்சிக்கோ" என்று மிரட்டிவிட்டுத்தான் படுத்தாள். அந்தக் கதையை இந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை, என்னை மறக்க விடவும் மாட்டார்கள். ஃபேன் சுற்றுகிறது. அவள் மணிக்கட்டில் நாடி என் கட்டைவிரலுக்கு அடியில் நிதானமாகத் தட்டுகிறது. எனக்குத்தான் வேகமாக அடிக்கிறது, எழுந்து நிற்கப்போவது அவள், பயப்படுவது நான், இது என்ன நியாயம்.

போன ஜனவரி. அப்போது நான் பன்னிரண்டாவது. ஏரியைச் சுற்றி அளவுக்கல் நட்டு சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள், தொழிற்பேட்டை வரப்போகிறது, ஏரியும் அதன் தண்ணீரை நம்பியிருக்கிற கழனியும் போகும், எங்கள் அப்பா குத்தகைக்கு ஓட்டுகிற துண்டும் அதில் சேர்த்தி. கிராமசபையில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள், அப்பா போய்க் கையைத் தூக்கிவிட்டு வந்தார், வந்து சோறு சாப்பிட்டார், அவ்வளவுதான் நடந்தது. ஸ்கூலில் நாங்களும் ஏதாவது செய்ய வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம், பேட்ஜ் குத்தினால் கழற்றச் சொல்வார்கள், கறுப்பு ரிப்பன் கட்டினால் அவிழ்க்கச் சொல்வார்கள், "மருதாணிய என்னாடி பண்ணுவாங்க" என்று கேட்டது பர்வீன், பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவள். யோசனை என்னுடையது என்று இன்னும் சில பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், இல்லை, அவளுடையது, எனக்கு அவ்வளவு மூளை கிடையாது. குடியரசு தினத்தன்று கொடியேற்றி முடித்ததும் உறுதிமொழி எடுப்போம் இல்லையா, வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு, அதுவரை கையை மூடி வைத்திருப்பது, நீட்டும்போது உள்ளங்கையைத் திருப்பிக் காட்டுவது. பன்னிரண்டாவது முழுக்க ஏரி. முந்தின நாள் பர்வீன் என் கையில் போட்டுவிட்டாள், அவள் போட்டால் அச்சடித்த மாதிரி இருக்கும், நான் அதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்து அப்படியே படுத்துத் தூங்கிவிட்டேன். காலையில் கண்ணாடியைப் பார்த்தால் கன்னத்தில் ஏரி. சரியாக, நேராக, படிக்கிற மாதிரி. யாரோ தூக்கத்தில் வந்து எழுதிவிட்டுப் போனார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், சத்தியமாக. சங்கவி வந்து பார்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்து சிரித்தாள். "கண்ணாடியிலதான் நேரா தெரியுது, நேர்ல பாத்தா எழுத்து திரும்பிக்கினு கீதுக்கா." உள்ளங்கையை மூடிக்கொள்ளலாம், மூஞ்சியை எங்கே மூடுவது.

தேய்த்தார்கள். எல்லாரும் தேய்த்தார்கள். அம்மா புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தாள், ஒரு கையால் என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "நாலு பேர் பாக்கற எடத்துல எழுதிக்கினு வந்து நிக்கிறா பாரு" என்று திட்டிக்கொண்டே, திட்டத் திட்டத் தேய்ப்பு மெதுவாகிக்கொண்டே வந்தது, எரியப்போகிறது என்று நடுநடுவில் ஊதினாள். அப்பா துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்துக்கொண்டு வந்தார், வந்தவர் என் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அப்படியே நின்றார், அப்புறம் அந்தத் துணியால் சைக்கிள் செயினைத் துடைத்தார். யாருக்கும் என்மேல் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, கோபமாகத் தேய்த்தால் தள்ளிவிடலாம், பாசமாகத் தேய்க்கிறவர்களை என்ன செய்வது. கர்ச்சீப்பைக் கன்னத்தில் வைத்து, பல்வலி என்று சொல்லிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன். கேட்டில் எஸ்தர் மிஸ். பி.டி. மிஸ், சுடிதாருக்கு மேல் டி-ஷர்ட், கழுத்தில் விசில், வேறு ஒன்றும் கிடையாது, கம்மல், வளையல், பூ எதுவும் போட மாட்டார்கள், அவர்கள் சபையில் அதெல்லாம் கூடாதாம். தெற்கே நாசரேத் பக்கம் ஊர். பேசினால் எங்களுக்குச் சிரிப்பு வரும். "என்னட்டி பல்லு, எந்தப் பல்லு, காட்டு" என்று கர்ச்சீப்பை எடுத்தார்கள். எடுத்துவிட்டு என் தாடையை வெளிச்சத்துக்குத் திருப்பினார்கள். அப்புறம், "இதென்னட்டி, எழுத்தெல்லாம் கண்ணாடிக்குள்ள இருந்து வந்த மாதிரி இருக்கு" என்றார்கள்.

கொடியேற்றத்தை நான் பி.டி. ரூம் ஜன்னலிலிருந்துதான் பார்த்தேன். பந்து, வலை, கிழிந்த மேட், அதற்கு நடுவில் ஒரு ஸ்டூலில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். வெளியே ஹெச்.எம். மைக்கில் எப்போதும் படிப்பதைப் படித்தார்கள், மருதாணி கூடாது, நெயில் பாலிஷ் கூடாது, கையில் கயிறு கூடாது, பேட்ஜ் கூடாது, மாணவிகளுக்கு அரசியல் எதற்கு. தேர்தல் வந்தால் எங்கள் தலையில் தொப்பியை மாட்டி, கையில் அட்டையைக் கொடுத்து, வாக்களிப்பது கடமை என்று கத்தவிட்டு வெயிலில் பஸ் ஸ்டாண்டுவரை நடக்கவிட்டதும் இவர்கள்தான், அந்தத் தொப்பி யூனிஃபார்மில் சேர்த்தியா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அப்புறம் உறுதிமொழி. எல்லாரும் கையை நீட்டினார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். நீட்டின கை ஒன்றுகூடத் திரும்பவில்லை, எல்லா உள்ளங்கையும் தரையைப் பார்த்தபடியே இருந்தது, பர்வீன் கையும்தான். கீழே எறும்பு ஏதாவது போயிருந்தால் படித்திருக்கும். எனக்குக் கோபம் வரவில்லை, பொய் சொல்லவில்லை, நான் அங்கே நின்றிருந்தாலும் திருப்பியிருப்பேனா என்று தெரியாது, அதை எனக்குத் தெரிய விடாமல் செய்தது என் கன்னம். விழா முடிந்ததும் பர்வீன் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று அழுதாள். "நீ மொதல்ல திருப்புவன்னு எல்லாரும் உன்னத் தேடுனோம்டி." அதற்கு நான், "மூஞ்சியக் கழுவு, மூக்கு ஒழுகுது" என்றேன்.

கறை போகிறவரை கிளாஸுக்கு வரக்கூடாது என்று ஹெச்.எம். சொன்னார்கள். அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்தார், கையைக் கட்டிக்கொண்டு நின்றார், எல்லாவற்றுக்கும் சரிங்க சரிங்க என்றார், கடைசியில், "அது திரும்பிக்கினு இருக்குங்களே மேடம், கண்ணாடியில பாத்தாதான் படிக்க முடியும், யாருக்குங்க தொந்தரவு" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். எஸ்தர் மிஸ் திரும்பிக்கொண்டு பீரோவில் எதையோ தேடினார்கள். அந்த ஒரு வாரமோ பத்து நாளோ, எனக்கு எண்ணத் தோன்றவில்லை, நான் பி.டி. ரூமிலேயே படித்தேன், பந்துக்குக் காற்றடித்தேன், மிஸ்ஸின் டிபனில் பாதியைத் தின்றேன். தினமும் காலையில் மிஸ் என்னை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, தாடையைப் பிடித்து, "போச்சுதான்னு பாப்போம்" என்பார்கள். போயிருக்காது. இன்னும் சிவந்திருக்கும். கையிலே மூடி வைத்திருந்த ஏரி மங்கிக்கொண்டிருந்தது, கன்னத்து ஏரி மட்டும் செக்கச்செவேல் என்று. மிஸ் வீட்டுச் செடியிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவருவார்கள், பாதியாக நறுக்கி, கன்னத்தில் வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார்கள், மெத்தென்று, வலிக்காமல். வீட்டுக்குப் போனால் அம்மா மோந்து பார்த்து, "என்னா தேய்ச்சாங்க" என்று கேட்டாள். எலுமிச்சம்பழம் என்றேன். அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ம்" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் புளி சாம்பல் எதையும் எடுக்கவில்லை. மிஸ்ஸே பாத்துக்கிறாங்களே என்றாள்.

சங்கவி புரள்கிறாள். இரு, இரு, குட்டி, கை, கை. இதோ பிடித்துவிட்டேன். விரல் மட்டும் கொஞ்சம் மடங்குகிறது, தூங்கினால் எல்லாருக்கும் கை தானாக மூடிக்கொள்ளும் போல, பிறந்த குழந்தைக்கு மூடுகிற மாதிரி. என் இன்னொரு கையின் கட்டைவிரலை அவள் விரல்களுக்குள் கொடுத்துத் திறந்து வைக்கிறேன். காய்ப்புக் காய்த்த கை. எறிபந்து ஆடி ஆடி விரல் நுனியெல்லாம் கெட்டியாக இருக்கிறது, பதினாறு வயசுப் பெண் கை மாதிரியே இல்லை. இவள் பந்தைத் தூக்கிப் போட்டால் அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் தள்ளிப்போவார்கள். மாநிலப் போட்டிக்கு எடுத்திருக்கிறார்கள், எங்கள் ஸ்கூலிலிருந்து இவள் ஒருத்தி, அடுத்த மாசம் போக வேண்டும். அதுதான். அதுதான் என் பயம். நேற்று பிரேயரில் ஹெச்.எம். சொல்லிவிட்டார்களாம், விழாவில் யாராவது கோஷம், பேட்ஜ், எழுத்து, எதையாவது காட்டினால் டீம் கிடையாது, ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடையாது, ஒன்றும் கிடையாது. சொல்லும்போது சங்கவியைத்தான் பார்த்தார்களாம். ஏனென்றால் இவள் என் தங்கச்சி. என் கன்னத்துக் கறை போய் மாசக்கணக்காகிறது, அங்கே இன்னும் போகவில்லை போல. நான் ஸ்கூலை விட்டு வந்துவிட்டேன், ரிசல்ட்டும் வந்துவிட்டது, இப்போது என்ன கலரில் ரிப்பன் கட்டினாலும் கேட்க ஆளில்லை, அதனால் ரிப்பனே கட்டுவதில்லை. இவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. "நீ பயந்தாங்கொள்ளி இல்ல, உன் பிளானுதான் மொக்க" என்றாள் எழுதும்போது. "கை நீட்டுனா உள்ளங்கை கீழதான பாக்கும், யாருக்குத் திருப்ப தைரியம் வரும். சைக்கிள் சாவி வாங்கறதுக்கு எப்டிக்கா கை நீட்டுவாங்க?" எப்படி நீட்டுவார்கள், இப்படித்தான், உள்ளங்கையை மேலே காட்டித்தான் நீட்டுவார்கள். திருப்பவே வேண்டாம். அதிகாரி சாவியை எடுத்து ஏரிமேல் வைக்க வேண்டும், போட்டோ பிடிக்கிறவர் அப்போதுதான் பிடிப்பார். இதை இந்தத் தூங்குமூஞ்சி தானாக யோசித்திருக்கிறாள். கிளாஸில் பாதிப் பேர் போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். நானும் அப்படித்தான் நம்பினேன், முழுசாக.

ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது மாட்டிக்கொள்ள. கேட். அங்கே எஸ்தர் மிஸ் நிற்பார்கள், விழா நாள் என்றால் ஒவ்வொருத்தியாக நிறுத்தி நகம் பார்ப்பார்கள். நகம் பார்க்கக் கையைக் கவிழ்த்துத்தான் நீட்ட வேண்டும். மிஸ் திருப்பச் சொல்லாவிட்டால் உள்ளே போய்விடலாம். திருப்பச் சொன்னால் முடிந்தது, டீமும் போச்சு. சங்கவி அதைச் சாதாரணமாகச் சொல்கிறாள், "மிஸ் திருப்ப மாட்டாங்க." எப்படிடி தெரியும்? "தெரியும்." என்னத்தைத் தெரியும், மிஸ்தான் என் கர்ச்சீப்பை எடுத்தது, மிஸ்தான் என்னை பி.டி. ரூமில் உட்கார வைத்தது, வேலை என்று வந்தால் மிஸ் வேலையைப் பார்ப்பார்கள், அவர்களுக்கும் சம்பளம் வேண்டும், பாவம் தனியாக வாடகை வீட்டில் இருக்கிறார்கள். சொம்பில் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. என் துப்பட்டா முனையை நனைத்து ஒரே இழுப்பு இழுத்தால் போதும், இன்னும் பிடித்திருக்காது, லேசாக ஆரஞ்சாக ஒரு திட்டு இருக்கும், எழுத்து இருக்காது. தூக்கத்தில் நீயே கசக்கிக்கொண்டாய் என்று சொல்லிவிடலாம், நம்புவாள், என்னைப் பார்த்து வளர்ந்தவள், மருதாணியோடு தூங்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நான் இப்போது இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் இடது கை சொம்புப் பக்கம் போய்விட்டது. துப்பட்டா முனை நனைந்துவிட்டது. அம்மா என் தாடையைப் பிடித்த பிடி ஞாபகம் வருகிறது, நானும் அதே மாதிரிதான் இவள் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறேன், அழுத்தாமல், விடாமல். அவள் பிடித்தது அழிக்க. நான் பிடித்தது அழியாமல் பார்த்துக்கொள்ள. அப்படித்தான் சொல்லிவிட்டுப் பிடித்தேன். ஏரிக்காகச் சண்டை போட ஊரில் பெரியவர்கள் இல்லையா, இவள் பந்து தூக்கிப் போடட்டும், இவளுக்கு எதற்கு. அடச்சீ, ஹெச்.எம். மாதிரியே பேசுகிறேன்.

ஃபோன் அதிர்கிறது. பர்வீன். ஒரு கையால் ஸ்பீக்கரில் போட்டு, மெதுவாகப் பேசு, தூங்குறா என்கிறேன். காலேஜ் ஹாஸ்டலிலிருந்து பேசுகிறாள், பின்னால் யாரோ வாளியை இழுக்கிற சத்தம். "கோன் வாங்குனியே, எழுதிட்டியா? காஞ்சிக்கினு வருதா? ஓரம் வெடிக்க ஆரம்பிச்சதும் எலுமிச்ச சாறுல சக்கர கலந்து பஞ்சுல தொட்டு மேல வை. உதுராது. நல்லா செவக்கும்." என்ன கலந்து? "எலுமிச்ச, சக்கர. எங்கம்மா கல்யாண வூட்டுக்குப் போட்டா அதான் வைக்கும். என்னாடி, ஒனக்குத் தெரியாதா, எல்லாருக்கும் தெரியுமே." அவள் இன்னும் ஏதோ பேசினாள், நான் ம் ம் என்றேன், வைத்துவிட்டாள், எனக்கு எலுமிச்சையிலேயே மனசு மாட்டிக்கொண்டது. சிவக்கும். எலுமிச்சை வைத்தால் சிவக்கும். அப்படியானால் பி.டி. ரூமில் அத்தனை காலையும் என் கன்னத்தில் சுற்றிச் சுற்றித் தேய்த்தது என்ன. ஒரு கையால் ஃபோனில் தேடிப் பார்த்தேன், மருதாணி சிவக்க எலுமிச்சை என்று ஒரு அக்கா சொல்கிறார், அதற்குக் கீழேயே மருதாணி போக எலுமிச்சை என்று இன்னொரு அக்கா, இரண்டு பேரும் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். மருதாணி எப்படியும் இரண்டாம் நாள்தான் நன்றாகச் சிவக்கும், அது பழத்தால் சிவந்ததா, தானாகச் சிவந்ததா. மிஸ்ஸுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு கம்மல்கூடப் போடாதவர்கள், அவர்கள் வீட்டில் யாரும் மருதாணி வைத்திருக்க மாட்டார்கள், எலுமிச்சை கறையைப் போக்கும் என்று பாத்திரம் தேய்க்கிற சோப்பு விளம்பரத்தில்கூடச் சொல்கிறான், அப்படி நினைத்திருக்கலாம். ஆனால் பெண்கள் ஸ்கூலில் வருஷக்கணக்காகக் கேட்டில் நின்று மருதாணிக் கையாகப் பிடித்தவர்கள் ஆயிற்றே, இது தெரியாமலா இருக்கும். தெரியாமலும் இருக்கலாம். அந்தச் சர்க்கரை. அடிப்பாவி, அந்தச் சர்க்கரை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பேப்பரில் ஒரு பொட்டலம் மடித்துக்கொண்டு வந்தார்கள், பிரித்தால் சர்க்கரை, எதுக்கு மிஸ் என்றேன், "சொரசொரன்னு இருக்கும்லா, நல்லாத் தேய்க்கும், சும்மா இரிட்டி" என்றார்கள். சர்க்கரை சொரசொரப்பாகத்தான் இருக்கும். அது உண்மைதான். ஆனால் தேய்த்தபோது சொரசொரப்பே இல்லை, முதலில் சாற்றில் கரைத்துவிட்டுத்தான் வைத்தார்கள், கரைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, டிபன் மூடியில், விசிலின் வளையத்தால் கலக்கினார்கள். கலக்கினார்களா, அல்லது நான் இப்போது அப்படி நினைத்துக்கொள்கிறேனா. வேண்டியது எல்லாம் ஞாபகத்தில் வருகிறது, சந்தேகமாக இருக்கிறது. ஒரு நாள் வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்து, "ஏரியில தண்ணி நிறைஞ்சிட்டு" என்றார்கள். அது சும்மா கிண்டல் என்று நினைத்தேன். போய்க் கேட்கவா முடியும், மிஸ், நீங்கள் அழித்தீர்களா, சிவக்க வைத்தீர்களா என்று. கேட்டால் அவர்கள் அழித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தெரிந்திருந்தால் நாளைக்கு இவள் கையைத் திருப்ப மாட்டார்கள். தெரியாதிருந்தால் திருப்புவார்கள். இவள் மாநிலப் போட்டி ஒரு பாதி எலுமிச்சம்பழத்தில் நிற்கிறது.

நனைந்த துப்பட்டா முனையிலிருந்து தண்ணீர் என் முழங்காலில் சொட்டுகிறது. மருதாணி மேல் ஓரத்தில் வெடிப்பு விட ஆரம்பித்துவிட்டது. இந்த நிமிஷம் துடைத்தால் துடைத்ததுதான், இன்னும் கொஞ்ச நேரம் போனால் துடைத்தாலும் இருக்கும். துணியைக் கொண்டுபோனேன், கொண்டுபோனேன் என்பதை மறைக்கவில்லை, ஏ எழுத்துக்குப் பக்கத்தில், அந்தக் காய்ப்பு விழுந்த மேட்டில் துணி பட்டதும் குளிர்ந்தது போல, சங்கவியின் கை சட்டென்று மூடியது, மூடினால் உள்ளே துணியைப் பிடித்த என் கட்டைவிரல் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டது. சின்ன வயசில் சந்தையில் இப்படித்தான் பிடிப்பாள், முழுக் கையையும் பிடிக்காமல், கட்டைவிரலை மட்டும். "விட்டுடாதக்கா" என்றாள், தூக்கத்தில்தான், கண்ணைத் திறக்கவில்லை. நான் துணியைக் கீழே வைத்தேன். விரல் விரலாகப் பிரித்தேன், மெதுவாக, ஒரு முள்ளெடுக்கிற மாதிரி. ரி கொஞ்சம் நசுங்கியிருந்தது, கோனை எடுத்து அதன் மேலேயே திரும்ப எழுதினேன். என் கட்டைவிரலில் ரி-யின் வால் ஒட்டியிருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். அவள் புத்தகப் பையை இழுத்து அவள் கைக்கும் கன்னத்துக்கும் நடுவில் அணையாக வைத்துவிட்டு, எட்டிப்போய் அடுப்பு மேடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நறுக்கினேன். டம்ளரில் பிழிந்தேன். பஞ்சு இல்லை, பழைய துணியில் தொட்டு ஏரிமேல் வைக்க ஆரம்பித்தேன், ஒத்தி ஒத்தி. மிஸ் செய்தது இதேதான். கை இதேமாதிரிதான் போயிற்று. தேய்க்கவே இல்லை அவர்கள், ஒத்தினார்கள், நான்தான் தேய்த்தார்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வாசலில் மண்வெட்டி சாத்துகிற சத்தம். அம்மா. நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வருகிறாள், இந்த வாரம் முழுக்க ஏரியில்தான் வேலை, தூர் வாருகிறார்கள், எடுக்கப்போகிற ஏரியை எதற்குத் தூர் வார வைக்கிறார்கள் என்று அம்மாவே கேட்டுச் சிரிப்பாள். முழங்கால்வரை ஏரிச் சேறு காய்ந்து வெளுத்திருக்கிறது. உள்ளே வந்து நின்றாள். பாயில் தூங்குகிற சங்கவியைப் பார்த்தாள், பையை அணை வைத்திருப்பதைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். ஹெச்.எம். சொன்னது அவளுக்கும் தெரியும், காலையில் கிளம்பும்போது, "அவள ஒழுங்கா இருக்கச் சொல்லு, டீம் போயிடப்போவுது" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

"என்னா பண்ற?"

"அழிக்கிறம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, அதுதான் வாயில் வந்தது.

"எத வச்சி?"

"எலுமிச்ச. எஸ்தர் மிஸ் எனக்கு வச்சாங்களே, அதான்."

அம்மா சேற்றுக் காலோடு சமையல் பக்கம் போகவே மாட்டாள், போனாள். டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, குனிந்து, ஒரு கிள்ளு சர்க்கரையை என் டம்ளரில் போட்டாள்.

"வெறும் எலுமிச்ச வச்சா எப்டி" என்றாள். "இத நல்லாக் கரைச்சி வை. அப்பதான் போவும்."

சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.